சுபுஹுத் தொழுகை இஷாவிலேயே தொடங்குகிறது

 



ரமளான் மாதத்தில் சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் இடம் கிடைப்பதில்லை. ஸஹர் உணவை முடித்துக்கொண்டு வந்தவர்களால் ஸஃப்புகள் நிறைந்து, தாழ்வாரத்திலும் பாய் விரிக்க வேண்டியிருக்கும். பெருநாள் கழிந்த மறுவாரம் அதே தொழுகைக்கு ஒரு ஸஃப் நிறைவது அரிதாகிவிடுகிறது. ஒரு மாதம் முழுவதும் நான்கு மணிக்கு எழுந்த மனிதர்கள் எங்கே போனார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன், பெருநாளுக்கு அடுத்த ஜுமுஆவில் இதைக் குறித்துச் சற்றுக் கடுமையாகவே பயான் செய்தேன். தொழுகை முடிந்ததும் ஓர் இளைஞர் தனியே வந்தார். "ஹஜ்ரத், தாங்கள் சொன்னது அத்தனையும் உண்மைதான். எழ வேண்டும் என்ற நிய்யத்தோடுதான் படுக்கிறேன். மூன்று அலாரம் வைக்கிறேன். மூன்றையும் நான்தான் அணைத்திருக்கிறேன். எப்போது அணைத்தேன் என்பதே நினைவில்லை. எழாதவனைக் கண்டிக்கிறீர்கள். எப்படி எழுவது என்று யாருமே சொல்லித் தருவதில்லையே?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதையே இங்கு எழுதுகிறேன்.

கைபரிலிருந்து திரும்பிய இரவு

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்கள் இரவு நெடுநேரம் பயணம் செய்தார்கள். களைப்பு மிகுந்தபோது ஓரிடத்தில் இறங்கி, விடியலைக் கவனித்து எழுப்பும் பொறுப்பைப் பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கினார்கள். பிலால் (ரலி) அவர்கள் இயன்ற அளவு தொழுதுவிட்டு, வைகறை நெருங்கும் வேளையில் கிழக்கு நோக்கித் தம் வாகனத்தின் மீது சாய்ந்து அமர்ந்தார்கள். அவர்களையும் உறக்கம் மிகைத்துவிட்டது. வெயில் பட்ட பிறகே அனைவரும் விழித்தார்கள். முதலில் விழித்தவர்கள் நபி (ஸல்) அவர்களே. பிறகு அங்கிருந்து சற்று நகர்ந்து, உளூச் செய்து, ஜமாஅத்தாகத் தொழுதார்கள். தொழுகையை மறந்தவர் நினைவு வந்ததும் தொழட்டும் என்றும் கூறினார்கள். (நூல்: முஸ்லிம்)

அபூகத்தாதா (ரலி) அவர்கள் வழியாக அதே நூலில் வரும் மற்றோர் அறிவிப்பில், குறைபாடு என்பது உறக்கத்தில் இல்லை, விழித்திருக்கும்போது தொழுகையைத் தாமதிப்பதில்தான் இருக்கிறது என்ற கருத்து இடம்பெற்றுள்ளது.

இதைப் பலர் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறார்கள். உறங்குபவன் மீது குற்றமில்லை என்பது உண்மையே. ஆனால் இரவு ஒரு மணி வரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அப்போது விழித்துத்தானே இருந்தான்! நபி (ஸல்) அவர்கள் களைத்த நிலையிலும் எழுப்புவதற்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்த பிறகே படுத்தார்கள். உறக்கம் நம் கையில் இல்லை. உறங்கும் முன் செய்ய வேண்டிய ஏற்பாடு நம் கையில் இருக்கிறது. அல்லாஹ்விடம் நாம் பதில் சொல்ல வேண்டியது அந்த ஏற்பாட்டைக் குறித்துத்தான்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

உறக்கத்தை ஓய்வாகவும், இரவை ஆடையாகவும், பகலை வாழ்வாதாரத்திற்கு உரியதாகவும் ஆக்கியிருப்பதாக அல்லாஹ் தன் திருமறையின் 78ஆம் அத்தியாயத்தில் உணர்த்துகிறான். இந்த இரவு பகல் ஒழுங்கை அவன் நம் உடலுக்குள்ளும் வைத்திருக்கிறான். உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் இயங்கும் விதத்தை விளக்கியதற்காக 2017ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர்கள் மூவருக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பெரும்பாலோருக்கு இந்தக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக ஓடுகிறது. ஆகவே கவனிக்காமல் விட்டால் உறங்கும் நேரம் நாளுக்கு நாள் பின்னுக்குத் தள்ளிப்போகும். அதை அன்றாடம் சரிசெய்வது கண்களில் விழும் வெளிச்சம். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கிறது; இரவு வெளிச்சம் பின்னே தள்ளுகிறது. இருள் சூழும்போது மூளையில் மெலடோனின் என்னும் சுரப்பு பெருகி, உடலை உறக்கத்திற்குத் தயார் செய்கிறது. பளிச்சென்ற விளக்கும் கண்ணருகே பிடித்த செல்போன் திரையும் அதைத் தாமதப்படுத்துகின்றன.

ரமளானில் நிகழ்வது இதுதான். தராவீஹ் முடிந்து, பேசிக்கொண்டும் கடைவீதியில் உலவியும் ஸஹர் வரை விழித்திருக்கிறோம். சுபுஹு தொழுதபின் படுத்து நெடுநேரம் உறங்குகிறோம். உடல் அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்கிறது. பெருநாளுக்குப் பின் ஸஹர் இல்லை. கண்விழிக்கும் பழக்கம் மட்டும் தங்கிவிடுகிறது. அந்த இளைஞருக்கு ஐந்து மணி என்பது நள்ளிரவைப் போன்றது. அந்த நேரத்தில் மூன்று அலாரம் என்ன செய்துவிடும்?

நம் ஊருக்கு அல்லாஹ் தந்த எளிமை

ஜூன் மாதம் லண்டன் நகரில் சூரியன் மறைவது இரவு ஒன்பது மணிக்கு மேல். உதிப்பது ஐந்து மணிக்கு முன். அங்கு வாழும் நம் சகோதரர்களுக்கு இஷாவுக்கும் சுபுஹுக்கும் இடையே உறங்குவதே பெரும் சோதனை. திண்டிவனத்தில் ஆண்டு முழுவதும் சுபுஹு நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள்தான் மாறுகிறது. ஜூனில் 4.30 மணி அளவில் நேரம் தொடங்கி, 5.45 அளவில் சூரியன் உதிக்கிறது. ஜனவரி இறுதியில் 5.20 அளவில் தொடங்கி, 6.35 அளவில் உதிக்கிறது. இஷா நேரம் எந்த மாதத்திலும் எட்டு மணிக்குள் வந்துவிடுகிறது.

அப்படியானால் ஆண்டின் எல்லா நாட்களிலும் காலை 5 மணி என்ற ஒரே நேரத்தில் எழுந்தால் போதும். கோடையில் சுபுஹு கிடைக்கும். குளிர்காலத்தில் தஹஜ்ஜுதும் சேர்ந்து கிடைக்கும். பத்து மணிக்கு உறங்கினால் பெரியவர்களுக்கு வேண்டிய ஏழு மணி நேர உறக்கமும் நிறைவேறும். இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் பேச்சில் ஈடுபடுவதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்ததாகப் புகாரியில் வருகிறது. நம் ஊரின் நேரத்தோடு இந்த ஸுன்னத் எவ்வளவு பொருத்தமாக அமைகிறது, பாருங்கள்!

செய்ய வேண்டியவை

முதலாவதாக, உறங்கும் நேரத்தை அல்ல, எழும் நேரத்தை நிலைநிறுத்துங்கள். இன்றிரவு பத்து மணிக்குப் படுத்தாலும் உறக்கம் வராது. ஆனால் எப்போது உறங்கினாலும் ஐந்து மணிக்கு எழுந்துவிட வேண்டும். அந்தக் களைப்பே மறுநாள் இரவு உறக்கத்தை முன்கூட்டிக் கொண்டுவரும். ஞாயிற்றுக்கிழமையும் இதில் விலக்கல்ல. ஆறு நாள் கட்டியதை ஒரு நாளின் நெடும் உறக்கம் இடித்துவிடும்.

இரண்டாவதாக, சுபுஹு முடிந்ததும் மீண்டும் போர்வைக்குள் நுழையாதீர்கள். ஓதிக்கொண்டிருங்கள், சூரியன் உதித்தபின் அரைமணி நேரமாவது வெளிச்சத்தில் நடங்கள். பெண்கள் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ இருக்கலாம். தம் உம்மத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். அதை அறிவித்த ஸக்ர் (ரலி) அவர்கள் தம் வணிகச் சரக்குகளை அதிகாலையிலேயே அனுப்பிச் செல்வந்தரானார்கள் என்று அபூதாவூத், திர்மிதீ நூல்களில் காண்கிறோம்.

மூன்றாவதாக, பகலில் களைப்பு மேலிட்டால் லுஹரை ஒட்டி இருபது அல்லது முப்பது நிமிடங்கள் கைலூலா செய்யுங்கள். அஸருக்குப் பின் உறங்கினால் இரவு உறக்கம் கெடும்.

நான்காவதாக, தேநீரை அஸரோடு நிறுத்துங்கள். அதிலுள்ள காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். இரவு உணவை இஷாவுக்கு முன்போ, தொழுதவுடனோ முடித்துவிடுங்கள். பதினொரு மணிக்குப் பரோட்டாக் கடையிலிருந்து பார்சல் வாங்கி உண்டுவிட்டு உடனே படுத்தால் வயிறு உறங்க விடாது.

ஐந்தாவதாக, ஒன்பதரை மணிக்கு வீட்டிலுள்ள எல்லாச் செல்போன்களும் கூடத்தில் ஓரிடத்தில் சார்ஜில் இருக்கட்டும். அத்தாவின் செல்போனும் அம்மாவின் செல்போனும் முதலில் அங்கே போகட்டும். அலாரமும் அங்கேயே ஒலிக்கட்டும். எழுந்து நடந்தால்தான் அதை அணைக்க முடியும்.

ஆறாவதாக, கண் திறந்தவுடன் விளக்கைப் போட்டுவிட்டு எழுந்து நில்லுங்கள். உறங்குபவரின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகள் போடுகிறான் என்றும், அல்லாஹ்வை நினைவுகூர்ந்தால் ஒன்றும், உளூச் செய்தால் ஒன்றும், தொழுதால் ஒன்றும் அவிழ்கின்றன என்றும் புகாரியில் வருகிறது. விழித்தவுடன் மூளை முழுத் தெளிவு பெறப் பதினைந்து முதல் முப்பது நிமிடங்கள் ஆகலாம் என மருத்துவர்கள் கூறுகிறார்கள். அந்த மந்தநிலையில் படுத்துக்கொண்டே முடிவெடுத்தால் உறக்கமே வெல்லும். நாவில் திக்ரு, முகத்தில் தண்ணீர், கால்களில் அசைவு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் சோம்பல் விலகும்.

இரண்டு மூன்று மணி நேரம் மாறிப்போன உறக்கம் ஒழுங்குக்கு வர ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரமும் ஆகும். நான்காம் நாளே மனம் தளர்ந்துவிடாதீர்கள்.

பிள்ளைகளை எழுப்பும் முறை

பருவ வயதில் உடலின் கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பின்தங்குகிறது. அந்த வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கமும் தேவை. ஆகவே பிள்ளை எழவில்லை என்றவுடன் சோம்பேறி என்றோ ஈமான் இல்லாதவன் என்றோ ஏசாதீர்கள். ஒன்பது மணிக்கே வீட்டை அமைதியாக்கி, அவர்கள் உறங்க வழிசெய்யுங்கள். ஏசி எழுப்பப்படும் பிள்ளை சுபுஹையே வெறுக்கத் தொடங்கும். இரவில் எழுந்து தொழுது, துணையையும் எழுப்பி, எழத் தயங்கினால் முகத்தில் நீர் தெளிக்கும் கணவனுக்கும் மனைவிக்கும் நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்வின் அருளை வேண்டினார்கள் என அபூதாவூதில் வருகிறது. அவர்கள் சொன்னது தெளிப்பதைத்தான். வாளியோடு ஊற்றுவதை அல்ல!

வேலையும் நோயும்

இரவு ஷிப்ட்டு முடிந்து வருவோரும், நெடுஞ்சாலையில் வாகனம் ஓட்டுவோரும் நம்மிடையே பலர். ஷிப்ட்டு முடிந்து நள்ளிரவுக்குப் பின் வீடு சேர்பவர் உடனே உறங்கி, எழுப்புவதற்கு வீட்டாரிடம் சொல்லிவைத்து, சுபுஹு தொழுதபின் அறையை இருட்டாக்கி மீதி உறக்கத்தை நிறைவு செய்யட்டும். மேலே சொன்ன காலை நடை இவர்களுக்கு அல்ல. உறக்கம் போதாத நிலையில் எவரும் வாகனம் ஓட்ட வேண்டாம். ஓரமாக நிறுத்திச் சற்று உறங்குங்கள். உடலுக்கும் கண்ணுக்கும் நம் மீது உரிமை உண்டு என்று கற்றுத் தந்த மார்க்கம் இது.

உரத்த குறட்டையும், உறக்கத்தில் மூச்சுத் திணறலும், நன்கு உறங்கியும் பகலில் தீராத மயக்கமும் இருந்தால் அது நோயாக இருக்கலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு மருத்துவரிடமோ காட்டுங்கள். மருத்துவம் செய்துகொள்வதும் ஸுன்னத்தே.

அன்பர்களே! இவ்வளவும் செய்து ஒரு நாள் உறங்கிவிட்டால், விழித்த உடனே உளூச் செய்து தொழுங்கள். கைபர் வழியில் அதுவே நடந்தது. "இன்று போய்விட்டதே" என்று மறுநாளையும் கைவிட்டுவிடாதீர்கள். அன்றிரவு இஷாவுக்குப் பின் செல்போனைக் கூடத்தில் வைத்து, எழுப்புவதற்கு ஒருவரிடம் சொல்லிவிட்டுப் படுங்கள்.

வல்ல நாயன் நம் இரவுகளை அமைதியாகவும், நம் விடியல்களைப் பரக்கத் நிறைந்தவையாகவும் ஆக்கி, நாமும் நம் பிள்ளைகளும் சுபுஹு ஜமாஅத்தில் தோளோடு தோள் நிற்கும் பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்!