வால்வுக்கு ஏற்ற சீட்

பழைய அம்பாசிடரின் இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிப்பவர்கள் முதலில் பிஸ்டன், ரிங், பேரிங் பற்றித்தான் பேசுவார்கள். சிலிண்டர் ஹெட்டில் உள்ள எட்டு வால்வுகளும் அவை அமரும் சீட்டுகளும் பெரும்பாலும் கடைசியில்தான் நினைவுக்கு வரும். வால்வு சரியாக மூடாவிட்டால் மற்ற வேலை எல்லாம் வீண் என்பதால், இவற்றுக்கான உலோகத்தைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் உருவாக்கிய ‘பி சீரிஸ்’ வகை. எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே குடும்பத்து இன்ஜின்தான். ஹெட் வார்ப்பிரும்பால் ஆனது. சீட்டுக்கென்று தனி வளையம் கிடையாது. ஹெட்டிலேயே சாய்வாகக் கடைந்துவிடுவார்கள்.

இந்தச் சீட் அந்தக் காலத்தில் தேயாமல் நின்றதற்குப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் ஒரு முக்கியக் காரணம். இன்ஜினில் ‘நாக்கிங்’ வராமல் இருக்க டெட்ராஎத்தில் ஈயம் உதவும் என்று 1921-இல் அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். எரிந்தபின் மிஞ்சிய ஈயச் சேர்மங்கள் சீட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, வால்வும் சீட்டும் நேரடியாக உரசாமல் காத்தன. ஆனால் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும் நஞ்சு. 2000-இல் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை நின்றது; நிற்க வேண்டியதுதான்.

படலம் போனபின் என்ன நடக்கிறது? 3000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை சீட்டில் வந்து மோதுகிறது. கடும் சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வின் முகம் சீட்டோடு நுண்ணிய புள்ளிகளில் பற்றவைத்ததுபோல் ஒட்டி, திறக்கும்போது இரும்புத் துகள்களைப் பிய்த்து எடுக்கிறது. அந்தத் துகள்கள் ஆக்ஸைடாகி, உப்புத்தாள்போல் சீட்டை மேலும் அரிக்கின்றன. வால்வு மெல்ல ஹெட்டுக்குள் இறங்குகிறது. டேப்பட் இடைவெளி சரிசெய்த பிறகும் மீண்டும் மீண்டும் குறைந்துகொண்டே வந்தால், இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் வால்வு முழுதாக மூடாது. கசியும் சூடான வாயு அதன் விளிம்பை எரித்துவிடும்.

இன்லெட் வால்வைப் புதிதாக வரும் பெட்ரோல் கலவை குளிர்விக்கிறது. அதற்குச் சிலிக்கான்-குரோம் எஃகு போதும். எக்ஸாஸ்ட் வால்வோ கடினமான ஓட்டத்தில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதற்கு ஏற்றது 21-4என் என்ற எஃகு: 21 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல், கூடவே மாங்கனீசும் நைட்ரஜனும். இந்த எஃகைக் காந்தம் இழுக்காது, கடையிலேயே சோதித்துவிடலாம். ஆனால் சூட்டில் இது அதிகம் விரியும். வால்வுத் தண்டு நகரும் கைடில் அதற்கேற்ற இடைவெளி விடாவிட்டால் வால்வு இறுகிக்கொள்ளும்.

எக்ஸாஸ்ட் சீட்டுக்கு, தேய்ந்த இடத்தைக் கடைந்தெடுத்து வளையம் பொருத்துவது வழக்கம். உலோகக்கலவை வார்ப்பிரும்பிலும், உலோகப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த சின்டர்டு எஃகிலும் வளையங்கள் கிடைக்கின்றன. இருப்பதிலேயே கடினமானதை வாங்கிவிடலாம் என்று நினைப்பது தவறு. சீட் மட்டும் மிகக் கடினமாக இருந்தால் தேய்மானம் வால்வு முகத்துக்கு இடம் மாறும். அப்படிப்பட்ட சீட்டுக்கு ஸ்டெல்லைட் எனும் கோபால்ட் கலவை பூசிய வால்வு முகமே பொருத்தமான இணை.

வளையத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு. வால்வின் சூட்டில் பெரும்பகுதி சீட் வழியாகவே ஹெட்டுக்கும் தண்ணீருக்கும் போகிறது. வளையம் இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் அந்த வழி அடைபடும். வளையமே கழன்று விழவும் கூடும். ஆழமாகக் கடைந்தால் தண்ணீர்ப் பாதை உடைந்துவிடும். பி சீரிஸ் ஹெட்டில் 2, 3-ஆம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் நடுவில் ஒரே துவாரத்தில் சேர்வதால் அங்கே சூடு அதிகம். கடைவதற்கு முன்பே அந்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

ஊருக்குள் நிதானமாக ஓடும் வண்டிக்கு, சீட் நல்ல நிலையில் இருந்தால், 21-4என் எக்ஸாஸ்ட் வால்வைப் போட்டு டேப்பட் இடைவெளியை அவ்வப்போது அளந்து வந்தால் போதும். நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் வேகமாக ஓடும் வண்டிக்கு நான்கு எக்ஸாஸ்ட் சீட்டுகளிலும் வளையம் வேண்டும். இன்லெட் பக்கத்தைத் தேவையில்லாமல் தோண்ட வேண்டாம். வால்வையும் சீட்டையும் தனித்தனியாக வாங்காமல், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவருமா என்று பட்டறையில் கேட்டு, பதில் திருப்தியாக இருந்தால் மட்டும் ஹெட்டை ஒப்படையுங்கள்.