அணையாத எஞ்சின் விளக்கும் புகைச் சோதனையில் தவறும் வண்டியும்

உழவர் பெருமக்களில் பலர் இன்று காய்கறி, பழம், பால் முதலியவற்றைச் சந்தைக்கு எடுத்துச் செல்லச் சொந்தமாகச் சிறு சரக்கு வண்டி வைத்துள்ளனர். இவ்வண்டிகளில், குறிப்பாக 2020 ஏப்ரல் முதல் நாளுக்குப்பின் பாரத் நிலை 6 விதிகளின்படி விற்கப்பட்டவற்றில், ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் எஞ்சின் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு இருக்கும். சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றால் புகையைக் கட்டுப்படுத்தும் ஏதோ ஒரு பகுதியில் குறை இருப்பதாக வண்டியின் கணிப்பொறி பதிவு செய்துள்ளது என்று பொருள். நிலையாக எரிந்தால் சுமையைக் குறைத்துக்கொண்டு பட்டறை வரை ஓட்டிச் செல்லலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓட்டக்கூடாது. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாய்க்குள் சென்று எரிந்து, விலை மிகுந்த கன்வெர்ட்டரை அழித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

புகைச் சோதனை இதனின்றும் வேறானது. முதற்பதிவு செய்து ஓராண்டு முடிந்த ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று இருத்தல் வேண்டும். பாரத் நிலை 4 முதல் வந்த வண்டிகளுக்கு இச்சான்று 12 மாதமும், பழைய வண்டிகளுக்கு 6 மாதமும் செல்லும். புகை வரம்பை மீறி ஓட்டினால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சோதனை நிலையத்தில் வழக்கமாகச் சைலன்சர் வழியே வரும் வாயுவைத்தான் அளக்கிறார்கள். விளக்கை யாரும் பார்ப்பதில்லை. எனவே விளக்கு எரியும் வண்டி சோதனையில் தேறுவதும் உண்டு, விளக்கு எரியாத வண்டி தவறுவதும் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் உழவர்கள் கலங்கிவிடுகின்றனர். உண்மையில் அதுதான் நல்ல நிலை. குறையைக் காட்டும் சாட்சிகள் இரண்டு கிடைத்துவிடுகின்றன.

பயிரியல் ஆசிரியனுக்கு எஞ்சினில் என்ன வேலை என்று கேட்கலாம். வயலாய்வுக்குச் செல்லும் ஊர்களில் பயிரைப் பற்றிப் பேசி முடித்தபின் வண்டியைப் பற்றிப் பேச்சு வருகிறது. பேசப்பேச, நோய் காணும் முறை இரண்டிற்கும் ஒன்றே என்பது தெரிகிறது. நிலக்கடலை மஞ்சளாகி நின்றால் உடனே யூரியாவைத் தூவுபவர் உண்டு. அடியிலைகள் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை, சுண்ணாம்பு மண்ணில் இளந்தளிர் மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறை, நீர் தேங்கினாலும் மஞ்சள்தான். இலை மஞ்சளாயிருக்கிறது என்பது செய்தி. காரணத்தை நாம்தான் தேட வேண்டும். வண்டி காட்டும் குறியீடும் அத்தகையதே. ஆக்சிஜன் சென்சாரின் பெயர் குறியீட்டில் வந்துவிட்டால் அந்தச் சென்சாரையே மாற்றிவிடுவது, மஞ்சள் இலைக்கெல்லாம் யூரியா போடுவது போன்றது.

காற்றும் பெட்ரோலும்

பெட்ரோல் எஞ்சினில் ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு மிகும். காற்று அளவுக்கு மீறினால் சரியாகப் பற்றாமல், எரியாத பெட்ரோல் ஆவி ஹைட்ரோகார்பனாக வெளிவரும். இந்த விகிதத்தைக் காக்கவே சைலன்சர் குழாயில் கன்வெர்ட்டருக்கு முன்பாக ஓர் ஆக்சிஜன் சென்சார் உள்ளது. புகையில் மிச்சமுள்ள ஆக்சிஜனை அது கணிப்பொறிக்குச் சொல்ல, கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது. இப்படிக் கூட்டிக் குறைக்கும் அளவை ஸ்கேனர் கருவியில் விழுக்காடாகப் பார்க்கலாம். மெக்கானிக்குகள் இதனைத் திருத்த அளவு என்னும் பொருளில் டிரிம் என்பர். பத்து விழுக்காட்டிற்குள் ஏறி இறங்குவது இயல்பு. நம் கரும்பும் மக்காச்சோளமும் எத்தனாலாகிப் பெட்ரோலில் கலந்து வருகின்றன. எத்தனாலுக்கு எரியக் காற்று குறைவாகப் போதும் என்பதால், பழைய வண்டிகளில் இத்திருத்தம் சிறிது ஏறியே நிற்கும். அதற்கு அஞ்ச வேண்டாம். இருபது, இருபத்தைந்து விழுக்காடு வரை கூட்டியும் விகிதம் சரியாகாதபோது கணிப்பொறி கைவிட்டு விளக்கை எரியவிடும். கலவையில் காற்று மிகுதி என்ற பொருளுடைய பி 0171 என்ற குறியீடு பதிவாகும்.

குறியீட்டையும் சீட்டையும் சேர்த்துப் படித்தல்

தக்காளி ஏற்றிச் செல்லும் ஒரு பெட்ரோல் வண்டியை எடுத்துக்கொள்வோம். விளக்கு எரிந்தது. பட்டறையில் பி 0171 என்று பார்த்து ஆக்சிஜன் சென்சாரை மாற்றிக் குறியீட்டை அழித்து அனுப்பினர். ஒரு வாரத்தில் விளக்கு மீண்டும் எரிந்தது. புகைச் சோதனைக்குச் சென்றால் கார்பன் மோனாக்சைடு வரம்பை மீறியது. பாரத் நிலை 4 முதல் வந்த நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிகளுக்கு, எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டிற்கும் ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்கிற்கும் மிகக்கூடாது. இப்போது பட்டறையில் கன்வெர்ட்டரையே மாற்றச் சொல்கின்றனர். அது ஒரு பருவத்துத் தக்காளி வருவாயைத் தின்றுவிடக்கூடிய செலவு.

இவ்விடத்தில் நின்று இரண்டு சாட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கணிப்பொறி காற்று மிகுதி என்கிறது. சோதனைச் சீட்டோ கார்பன் மோனாக்சைடு மிகுதி, அதாவது பெட்ரோல் மிகுதி என்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. காற்று மிகுந்த கலவையில் கார்பன் மோனாக்சைடு மிக வழியில்லை. எனவே சென்சாருக்குப் பொய்ச்செய்தி கிடைக்கிறது, அல்லது சென்சாரே பொய் சொல்கிறது. சென்சார் புதிது என்பதால் முன்னதையே முதலில் ஐயுற வேண்டும்.

பொய்ச்செய்தி எவ்வாறு வருகிறது? எஞ்சின் தலையிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டிற்கும் குழாய்க்கும் இடையிலுள்ள பேக்கிங் கருகினாலோ, குழாயில் முடிபோன்ற வெடிப்பு விழுந்தாலோ அங்கே கசிவு உண்டாகும். கசிவென்றால் புகை வெளியே வரும் என்றுதான் எண்ணுவோம். ஆனால் புகை ஒரே சீராகப் பாய்வதில்லை, துடிப்புத் துடிப்பாகச் செல்கிறது. இரு துடிப்புகளுக்கு இடையில் குழாயினுள் அழுத்தம் குறையும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. எஞ்சினில் எரியாத அந்தக் காற்றின் ஆக்சிஜனைச் சென்சார் கண்டு, கலவையில் காற்று மிகுதி என்று தெரிவிக்கிறது. கணிப்பொறி அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. உண்மையில் சரியாயிருந்த கலவை இப்போது பெட்ரோல் மிகுந்ததாகிறது. மிகுந்த பெட்ரோலின் கழிவும் கசிந்து வந்த காற்றும் கன்வெர்ட்டரில் சேர்ந்து எரிய, அது அளவுக்கு மீறிச் சூடாகி நாளடைவில் திறனிழக்கிறது. இந்நிலையில் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

இக்கசிவைக் கண்டறியச் செலவில்லை. இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியைக் காலையில் திறந்தவெளியில் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்க வேண்டும். மூடிய கொட்டகையில் ஒருபோதும் செய்யக்கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமின்றி உயிரைக் குடிக்கும். பேக்கிங் கசிந்தால் டிக், டிக் என்ற சிறு ஒலி எழும். உலோகம் சூடேறி விரிந்ததும் அவ்வொலி அடங்கிவிடும். பட்டறைக்கு ஓட்டிச் சென்று சேரும்போது ஒலி இல்லாமற் போவது இதனால்தான். ஒருவர் தடித்த ஈரச்சாக்கால் சைலன்சர் வாயைச் சில நொடி அழுத்திப் பிடிக்க, மற்றவர் எஞ்சின் அருகே கேட்டால் கசிவிடத்தில் சீறும் ஒலி தெளிவாகும். எஞ்சினை நிறுத்தி ஆறியபின் இணைப்புகளைப் பார்த்தால் கசிவிருந்த இடத்தில் கரிக்கோடு படிந்திருக்கும். பேக்கிங் மாற்றுவது சிறு செலவே. மாற்றியபின் குறியீட்டை அழித்து, சில நாள் ஓட்டி, திருத்த அளவு இறங்கியிருக்கிறதா என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்ல வேண்டும். அது இறங்காமல் விளக்கு மட்டும் அணைந்திருந்தால் வேலை முடியவில்லை.

கசிவே இல்லையெனில் சென்சாரைச் சோதிக்கலாம். பழைய வகைச் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். காற்று நுழையும் வழியில் சிறிது கிளீனரைத் தெளித்தால் உடனே 0.8-க்கு மேல் தாவ வேண்டும். தாவாமல் கீழேயே கிடந்தால் சென்சார் பழுது எனலாம்.

குறியீடும் சீட்டும் ஒத்துப்போகும் நிலைகளும் உண்டு. காற்று மிகுதி என்ற குறியீட்டுடன் சீட்டில் ஹைட்ரோகார்பன் மிகுந்திருந்தால் கலவை உண்மையிலேயே காற்று மிகுந்துள்ளது. அப்போது திருத்த அளவை இரு வேகத்தில் பார்க்க வேண்டும். மெதுவாக ஓடும்போது மிகுந்து, நிமிடத்திற்கு 2,500 சுற்றில் குறைந்தால் எஞ்சினுக்குள் காற்று செல்லும் பக்கத்தில் ரப்பர்க் குழாய் பிளந்திருக்கும். தவிட்டு மூட்டையும் தீவனமும் வைத்த கொட்டகையில் வண்டியை நிறுத்துவோர் எலிக்கடியை முதலில் தேடுக. மாறாக, வேகத்திலும் பாரத்திலும் திருத்தம் மிகுந்தால் பெட்ரோல் வரத்துக் குறைவு. வடிகட்டியையும் பம்பையும் பார்க்க வேண்டும். சிலிண்டர் எரியாமை பற்றிய பி 0300 வரிசைக் குறியீடு வந்தால் ஸ்பார்க் பிளக், காயில், எலி கடித்த ஒயர் ஆகியன.

கன்வெர்ட்டர் திறன் குறைவு என்னும் பி 0420 குறியீடு வந்தாலும் கசிவு, எரியாமை இரண்டும் இல்லையென்று உறுதி செய்த பின்னரே கன்வெர்ட்டரைப் பற்றிப் பேச வேண்டும். பட்டறையில் வேலை தொடங்குமுன் குறியீட்டையும், அது பதிவான நொடியில் எஞ்சின் இருந்த நிலையையும் தாளில் எழுதித் தருமாறு கேட்பது உழவரின் உரிமை. குறியீட்டை அழித்தால் அந்நிலைப் பதிவும் சேர்ந்தே அழியும், விளக்கோ திரும்ப வரும். குறை உண்மையாகவே நீங்கியிருந்தால், தொடர்ந்து மூன்று முறை குறையின்றி ஓடியபின் பொதுவாக விளக்கு தானே அணையும்.

சோதனைக்குச் செல்லும் வண்டி சூடாக இருத்தல் வேண்டும். கன்வெர்ட்டர் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் நன்கு வேலை செய்யும். வீட்டிலிருந்து இரண்டு தெரு ஓட்டிச் சென்று வரிசையில் எஞ்சினை நிறுத்திவைத்தால் நல்ல வண்டியும் தவறலாம். இருபது நிமிடம் ஓட்டிச் செல்க.

டீசல் வண்டிகள்

டீசல் வண்டிக்குப் புகையின் கருமையே அளவை. கரும்புகைக்கு முதற்காரணம் பெரும்பாலும் ஏர் ஃபில்டரில் அடைந்த வயல்தூசிதான். புதிய வண்டிகளில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று சைலன்சர் குழாயிலேயே உள்ளது. அது நிறைந்ததும் ஏறத்தாழ 600 டிகிரி சூட்டில் தானே கரியை எரித்துக்கொள்ளும். வயலுக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தொலைவே ஓடும் வண்டியில் இது முடிவதற்குள் எஞ்சின் நிறுத்தப்படுவதால் விளக்கு எரிகிறது. நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் தீரும். அவ்வாறு ஓட்டிய வண்டியைக் கொண்டுவந்து வைக்கோல் மீதோ காய்ந்த தாள் மீதோ நிறுத்தக்கூடாது. தீப்பிடிக்கும்.

சில டீசல் வண்டிகளில் நீலமூடியுடன் தனியாக ஒரு சிறு தொட்டி இருக்கும். அதில் ஊற்றுவது 32.5 விழுக்காடு யூரியாக் கரைசல். சூடான புகையில் தெளிக்கப்பட்டதும் யூரியா அம்மோனியாவாக மாறி, நைட்ரஜன் ஆக்சைடுகளைத் தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. மேலுரமாகத் தூவிய யூரியாவிலிருந்து நமக்கு நட்டமாகிப் பறக்கும் அதே அம்மோனியாதான் இங்கு வேலையாள். இதனால் வீட்டிலிருக்கும் யூரியா மூட்டையை ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைத்து ஊற்றினால் என்ன என்று எண்ணுவோர் உண்டு. கூடாது. உர யூரியாவில் பையூரெட் என்னும் பொருள் 1.5 விழுக்காடு வரை இருக்கலாம்; எலுமிச்சை, ஆரஞ்சு இலைகளைத் தீய்ப்பது அதுவே. வண்டிக் கரைசலில் அது 0.3 விழுக்காட்டிற்கு மிகக்கூடாது. கால்சியம் கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். நம் கிணற்று நீரில் அதைவிடப் பல மடங்கு உண்டு. மேலும் 2015 முதல் உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. இவையெல்லாம் தெளிப்பானை அடைத்துக் கன்வெர்ட்டரில் படிந்து, விளக்கை நிரந்தரமாக்கிவிடும். மானிய யூரியாவை உழவு தவிர வேறு பயனுக்கு எடுப்பது 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி குற்றமுமாகும்.

கடையில் வாங்கும் கரைசலையும் தகரக் கொட்டகையில் வெயிலில் வைக்கலாகாது. 30 டிகிரி சூட்டில் ஓராண்டு தாங்குவது 35 டிகிரியில் ஆறு மாதமே தாங்கும். சிறு கேன்களாக வாங்கி நிழலில் வைக்கவும். தவறுதலாக வேறு கரைசலோ டீசலோ அத்தொட்டியில் விழுந்துவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம். திருப்பினால் பம்பு அதனைக் குழாய்களுக்குள் இழுத்துவிடும். வண்டி நிற்கும் இடத்திலேயே தொட்டியை வடித்து, கழுவி, புதிய கரைசல் நிரப்பியபின் எஞ்சினை ஓடவிடலாம்.