அல்லி அரசாணியும் ஊவா வாசகரும்

பெண்ணொருத்தியின் சொல் ஒரு வீட்டில் செல்லத் தொடங்கிவிட்டால், “அங்கே அல்லி ராஜ்யம் நடக்கிறது” என்று நகைப்பது தமிழரிடையே நெடுநாளைய வழக்கு. நகைப்பவருள் பெரும்பாலோர் அல்லியின் கதையைப் படித்தவரல்லர். படித்தவரும் படிக்கக் கேட்டவரும் அவளைப் பற்றிக் கொண்டுள்ள கருத்துக்களோ அந்த நகைப்பினும் பெரிதும் சுவையுடையன, ஒன்றோடொன்று பொருந்தாதன. நமுனுகுல மலையைச் சூழ்ந்த பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரைப் பக்கங்களிலே முதியோரும் ஆசிரியரும் மாணவரும் சொல்லக் கேட்ட சிலவற்றை இங்கே எடுத்துரைக்கலாம் என்று எண்ணுகின்றேன். அவற்றோடு என் அபிப்பிராயமும் ஆங்காங்கே கலந்துவிடும். அதனை வாசகர் பொறுத்தருள வேண்டும்.

முதலிற் கதை. பிள்ளையில்லாத பாண்டியனுக்கு அல்லி மலரிலே கிடைத்த குழந்தை அல்லி. பாண்டியனுடைய ஆட்சியை நீன்முகன் என்பான் கவர்ந்துகொள்கிறான். சிறு பெண்ணாகிய அல்லி அவனை எதிர்த்துப் பொருது, கொன்று, மதுரையை மீட்டு அரியணை ஏறுகிறாள். அவளுடைய மந்திரிகள் பெண்கள், சேனை பெண்கள், காவலும் பெண்கள். ஆடவர் முகத்தில் விழிப்பதில்லை என்பது அவள் விரதம். தீர்த்த யாத்திரை வந்த அருச்சுனன் அவள்மேல் மையல் கொள்கிறான். கண்ணன் பாம்பாட்டியாகிறான், அருச்சுனன் பாம்பாகிறான். அரண்மனைக்குள் புகுந்த பாம்பு நள்ளிரவில் மனித வடிவெடுத்து, உறங்கும் அரசியின் கழுத்திலே தாலியைக் கட்டிவிடுகிறது. பிறகு சினமும் பிணக்கும் போருமாய்க் கதை நீண்டு, முடிவிலே அவள் அருச்சுனன் மனைவியாகிப் புலந்திரன் என்னும் மகனைப் பெறுகிறாள்.

இது ஒரு நூலோடு முடிவதன்று. ‘அல்லி அரசாணி மாலை’யைத் தொடர்ந்து ‘பவளக்கொடி மாலை’, ‘புலந்திரன் களவு மாலை’, ‘ஏணியேற்றம்’ என்று ஒரு குடும்பமே உண்டு. அரசு, சூழ்ச்சி, மாயம், போர், ஒரு நாயகி: இவை யாவும் கூடிய தொடர்கதையைத் தமிழர் அச்சு வருமுன்னரே இராகத்தோடு படித்துக் கொண்டிருந்தனர் என்க. சங்கரதாஸ் சுவாமிகள் இதனை நாடகமாக்கினார். 1934-இல் ‘பவளக்கொடி’ படமாகித் தியாகராஜ பாகவதரைத் திரையுலகுக்கு அறிமுகப்படுத்தியது.

பண்டிதர் கருத்து யாவருக்கும் தெரிந்ததே. இந்நூல்களின் முகப்பிலே புகழேந்திப் புலவர் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். நளவெண்பாப் பாடிய கை இவற்றை எழுதியிராது என்பது அவர்கள் தீர்ப்பு. தீர்ப்புச் சரியே, நடையைக் கண்டாலே பிற்காலத்தவை என்பது விளங்கும். ஆனால் ஆசிரியர் புகழேந்தி அல்லர் என்று நிறுவிய பின், நூலும் ஒன்றுமில்லை என்று மூடிவைத்துவிடுவதுதான் விளங்கவில்லை. பெயர் தெரியாத புலவனுக்குப் பேரவை தேவையில்லை. அவனுக்கு வாசகர் இருந்தனர்.

எத்தகைய வாசகர்? ‘பெரிய எழுத்து’ என்று அட்டையிலேயே அச்சிட்டு வந்த மலிவுப் பதிப்புக்கள் அவை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவர், மங்கிய விளக்கொளியிலே படிப்பதற்கு அந்தப் பெரிய எழுத்து எத்துணை உதவி என்பதை நகரத்து நூலகத்தில் அமர்ந்திருப்போர் உணரார். தோட்டத்து லயத்தின் வாசலிலே படிக்கத் தெரிந்த ஒருவர் இராகமிழுத்துப் படிப்பார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மற்றையோர் கேட்பர். எனவே ‘வாசகர்’ என்று நான் சொல்லும்போது ஓரெழுத்தும் அறியாத கொழுந்துக்காரப் பெண்களையும் சேர்த்தே சொல்கின்றேன். அவர்களே இந்நூலின் மெய்யான விமர்சகர்.

இன்னொன்றும் உண்டு. இவர்களுடைய முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்து மலையேறியவர்கள். அந்த மன்னார்க் கரையிலே, அரிப்பிலே, ‘அல்லிராணிக் கோட்டை’ என்று ஒரு பாழ்மனை கடலைப் பார்த்து நிற்கிறது. அது முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1804-ஆம் ஆண்டளவில் கட்டி முடித்த மாளிகை. ஆயினும் மக்கள் அதனை அல்லிக்குக் கொடுத்துவிட்டனர். சற்றுத் தெற்கேயுள்ள குதிரைமலையும் அவளுடையதே என்பர். தேசாதிபதியிடமிருந்து ஒரு மாளிகையைப் பறித்துக் கதை அரசிக்கு வழங்கியதும் ஒருவகை வாசகர் கருத்தே அன்றோ?

நிற்க. லயத்து மூதாட்டியர் அல்லியை எவ்வாறு கண்டனர்? பசறைப் பக்கத்திலே, ஐம்பது ஆண்டு கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு பாட்டி, அல்லியின் அழகையும் வீரத்தையும் ஒரு சொல்லாலே கடந்துவிட்டார். அவர் நினைவில் நின்றது வேறு. “அவ ராஜ்யத்துல பிரட்டு எடுக்கிறதும் பொம்பள, பேர் எழுதுறதும் பொம்பள. அப்படின்னா அரப்பேரு விழுமா, தம்பி?” என்றார். தோட்டம் அறியாத வாசகருக்காக ஒரு விளக்கம்: காலையில் ஆட்களை நிரைப்படுத்தி வேலை பகிர்வது பிரட்டு, ஒரு நாள் வேலையைச் சம்பளத்துக்குக் கணக்கில் ஏற்றுவது பேர். நிறை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும். கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தராசருகிலே கையில் துண்டுப் புத்தகத்தோடு நிற்பவர் பெரும்பாலும் ஆண்கள். பாட்டியின் கேள்வியிலே அரசியல் நூல் பலவற்றின் சாரம் உண்டு. ஆட்சி என்பது யார் கையில் எழுதுகோல் இருக்கிறது என்பதே என்று அவர் கண்டிருந்தார். மந்திரி, சேனாபதி என்னும் சொற்களைக் கங்காணி, கணக்கப்பிள்ளை என்று தமக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு கேட்டவர்கள் இவர்கள்.

தாலி கட்டும் இடத்தை அவரிடம் கேட்டேன். “அவ சம்மதம் கேட்டானா? தூங்குறவ கழுத்துல கட்டுனா அது தாலியா, சுருக்கா?” என்றார். இதனை ஏதோ புதுமைக் கொள்கை படித்துச் சொல்லவில்லை அவர்.

ஆடவர் கருத்து வேறு. மலையகத்தார் தமக்கே உரிய கூத்துக்களாகப் போற்றுவன காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும். தபசு மரத்திலே விரதமிருந்து ஏறும் அருச்சுனனைக் கையெடுத்துக் கும்பிட்ட கண்கள், அதே அருச்சுனனைப் பாம்பாய் ஊர்ந்து அந்தப்புரம் புகுந்தவனாகக் காண்பது எளிதா? “அது கண்ணன் லீலை, அருச்சுனன் பேரில் குற்றமில்லை” என்று கூத்துப் பழகிய முதியவர் ஒருவர் வாதாடினார். அவர் வாதத்தை நான் தள்ளவில்லை. ஆயினும் குற்றமில்லை என்று நிறுவ இத்துணைப் பாடு பட வேண்டியிருந்ததே, அங்கேதான் கதை தன் வேலையைச் செய்திருக்கிறது.

கல்லூரியிலே தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியை தந்த ஒப்பீடு இதனினும் நுட்பமானது. வில்லிபுத்தூரார் பாரதத்திலும் அருச்சுனன் பாண்டிய நாட்டுக்கு வருகிறான். பாண்டியன் மகள் சித்திராங்கதையை மணக்கிறான். அங்கே தகப்பன் இருக்கிறான். மகளைத் தருமாறு கேட்கலாம். அவனும் பிறக்கும் பிள்ளை தன் குலத்துக்கு வேண்டுமென்று நிபந்தனை விதித்துத் தரலாம். அல்லிக்கு மேலே கேட்பதற்கு யாருமில்லை. அவளே அரசு. ஆகவே கேட்டுப் பெறும் வழி அடைபட்டுப் போகிறது. அவளையே கேட்க வேண்டும், அவளோ மறுப்பாள். பாம்பு வருவது அதனாலே என்றார் ஆசிரியை. மதுரைக்கே உரிய இன்னோர் அரசியான தடாதகைப் பிராட்டியையும் அவர் நினைவூட்டினார். திக்கு விசயம் செய்த தடாதகை கயிலையிலே சிவபெருமானைக் கண்ட மாத்திரத்திலே நாணித் தலைகவிழ்கிறாள். போர் அங்கே ஓய்கிறது. அல்லியோ நாணவில்லை. தாலி ஏறிய பின்னும் வாளெடுக்கிறாள். ‘புராணம் ஒரு கணத்தில் முடித்துவிட்டதை இந்த மாலைக்காரன் பல நூறு அடிகளாலும் முடிக்க இயலாமல் தவிக்கிறான்’ என்று அவர் சொன்னது என் மனத்திலே பதிந்தது.

இளைஞர்களுக்கு அல்லி அயலாள். அவர்கள் பாட்டியர் தலைமுறையிலேயே கல்கி வந்துவிட்டார். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னிலே குந்தவையையும் நந்தினியையும் கண்டவர்கள், “அரசியல் கதைக்கு நாயகி வேண்டுமானால் குந்தவை இருக்கிறாளே” என்கின்றனர். இருக்கிறாள், அறிவிலும் பெருந்தன்மையிலும் அவளுக்கு ஈடில்லை. ஆயினும் குந்தவை தம்பிக்காகச் சிந்திக்கிறாள். நந்தினி வஞ்சத்துக்காகச் சிந்திக்கிறாள். இருவரில் எவளும் அரியணையில் அமர்வதில்லை. அல்லி அமர்ந்தவள். இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டியபோது மாணவி ஒருத்தி மட்டும் தலை நிமிர்ந்து, “அப்படியானால் ஆண்களை உள்ளே பூட்டிவைத்த நாடு வேறு எந்தக் கதையிலாவது உண்டா?” என்று வினவினாள். உண்டு. வங்கத்துப் பேகம் ரொக்கையா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905-இல் வெளியாயிற்று. வெளியிட்டது நம் சென்னையிலிருந்து வந்த ஒரு மாதர் பத்திரிகை. அதிலே பெண்கள் அறிவியலால் நாட்டை ஆள்கின்றனர். ஆடவர் திரைமறைவில் இருக்கின்றனர். அங்கே பாம்பு நுழையவில்லை. கனவு கலைவதோடு கதை முடிகிறது. ரொக்கையா அறிந்து எழுதினார்; மாலைக்காரன் அறியாமலே பாதிவரை எழுதிவிட்டான்.

இவ்வளவும் அல்லிக்குச் சார்பான பேச்சு. கசப்பான ஒரு கருத்தையும் சொல்லியாக வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். “அல்லி ராஜ்யத்தை நாங்கள் கண்ணாலேயே கண்டவர்கள். அது எங்கள் வீட்டில் பாதியைக் கப்பலேற்றியது” என்றார். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரின் வாக்கைப் பறித்தன. அவற்றை இயற்றியோர் ஆடவர். 1960 ஜூலையிலே ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க பிரதமரானார். உலகிலேயே முதல் பெண் பிரதமர். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் அவரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. யாரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை. பதுளையிலே ரெயிலேறித் தலைமன்னாருக்குப் போனவர்கள், பாட்டன்மார் வந்திறங்கிய கரையிலேயே கப்பலேறினர்.

ஆசிரியர் சொன்னதற்கு என்னிடம் முழு விடை இல்லை. அதனை மறுக்கவும் விருப்பமில்லை. அரியணையில் இருப்பவள் பெண் என்பது ஒன்று, அவள் யாருடைய பேரை எழுதுகிறாள் என்பது வேறு. மாலை நூலிலும் இக்குறை உண்டு. அல்லியின் மந்திரிகளையும் தோழியரையும் நாம் அறிவோம். அந்த அரண்மனைக்கு நெல் குற்றியவள் என்ன பெற்றாள் என்று புலவன் சொல்வதில்லை. பசறைப் பாட்டியின் அரைப்பேர் வினா அந்த இடைவெளியிலேதான் நிற்கிறது. தோட்டங்களிலே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984-இல்தான் வந்தது. அதுவும் வேலைநிறுத்தத்தால் வந்தது. 2024 நவம்பர் 14-ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலிலே பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியா மாவட்டத்திலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். மலையகத் தமிழ்ப் பெண்கள் மக்கள் வாக்கால் அச்சபைக்குச் சென்றது அதுவே முதன்முறை என்று பத்திரிகைகள் எழுதின. அச்செய்தி வந்த வாரத்திலும் தேநீர்க்கடையொன்றிலே ‘இனி அல்லி ராஜ்யந்தான்’ என்று ஒருவர் சொன்னதைக் கேட்டேன். அவர் நகைத்தாரா, மகிழ்ந்தாரா என்பது குரலிலிருந்து தெரியவில்லை.

பவளக்கொடியைப் பற்றியும் ஒரு சொல். புலந்திரன் பவளத்தேர் வேண்டுமென்று அழ, அருச்சுனன் அதனைத் தேடிப் போகிறான். போன இடத்திலே பவளநாட்டு அரசி பவளக்கொடியையும் மணந்துகொள்கிறான். செய்தியறிந்த அல்லி படையெடுக்கிறாள். மேடையிலும் திரையிலும் மிகுந்த கைதட்டல் பெற்றது இந்தப் பகுதியே. எனக்கு இது பிடிப்பதில்லை. தன்னாட்சியுடைய இரண்டு அரசியர், இரண்டு நாடுகள், நடுவிலே ஒருவன். பாண்டி நாட்டின் பெண் சேனை கடைசியிற் சக்களத்திச் சண்டைக்குப் பயன்படுகிறது. ஆனால் லயத்துக் கேட்போர் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தனர். இரவில் எவ்வளவு தூரம் படிப்பது என்பதைக் கேட்போரே தீர்மானிப்பார்கள். தம் தாயார் காலத்திலே, நீன்முகன் விழுந்து அல்லி முடிசூடியதும், “இன்னைக்கு இது போதும், விளக்க அமத்து” என்று பெண்கள் சொல்லிவிடுவார்கள் என்றார் அந்தப் பாட்டி. மறுநாள் இரவு தொடர வேண்டிய இடம் பாம்பு வரும் இடம். “நேத்து விட்ட எடத்துல இருந்து வேணாம், மொதல்ல இருந்து படி” என்பார்களாம். அவருடைய தாயார் பாம்பு வரும் பகுதியை முழுவதும் கேட்டது தமக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகேயாம்.