அனுராதபுரம் கற்பிக்கும் மரியாதை

ஏரி நீரை நம்பி உழுது உண்ணும் உத்திரமேரூர் வட்டாரத்து மக்கள் எந்த ஊருக்குச் சென்றாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" இலங்கைத் தீவின் பழம்பெரும் பௌத்தத் தலைநகரான அனுராதபுரத்தின் இடிபாடுகளைக் காணச் சென்றபோது நமக்கும் அக்கேள்வியே முந்தி எழுந்தது.

மடு மாதா திருத்தலத்திற்குத் திருயாத்திரை மேற்கொள்வோர் பலர், மதவாச்சி வழியாகத் திரும்பும்போது அனுராதபுரத்தையும் பார்த்து வருவது வழக்கம். நாமும் அவ்வாறே சென்றோம். 1670-ஆம் ஆண்டில் ஒல்லாந்தரின் கொடுமைக்குத் தப்பிய கத்தோலிக்கர், மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைக் காட்டுக்குள் எடுத்துச் சென்று காத்த இடமே மடு. தமிழரும் சிங்களரும் அருகருகே முழந்தாளிட்டுச் செபிக்கும் அத்தலத்தைக் கண்ட கண்களோடு பௌத்தரின் புனித நகருக்குள் நுழைவது ஒரு பேறு.

ஏரிகள் ஈன்ற நகரம்

கிறிஸ்து பிறப்பதற்கு முன் 4-ஆம் நூற்றாண்டில் பண்டுகாபய மன்னன் அனுராதபுரத்தைத் தலைநகராக்கினான் என்று மகாவம்சம் கூறுகிறது. அன்று தொட்டு ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் அது அரசிருக்கையாக விளங்கிற்று. மழை குறைந்த அவ்வறண்ட சமவெளியில் இத்தனை காலம் ஒரு நகரம் வாழ்ந்ததன் இரகசியம் அதன் ஏரிகளே. அபயவாவி, திசவாவி, நுவரவாவி என அவை இன்றும் நீர் தேக்கி நிற்கின்றன. ஆழமான நீரின் அழுத்தம் கரையை உடைத்துவிடாதபடி, மதகுக்கு முன்பாகச் சதுரக் கிணறு போன்ற ஓர் அமைப்பைக் கட்டி நீரை அடக்கி வெளிவிட்ட அக்காலத்துத் தொழில் நுட்பம் வியப்புக்குரியது.

5-ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனன் கலாவாவி என்னும் பேரேரியை அமைத்தான். அதிலிருந்து அனுராதபுரத்துக்கு நீர் கொணரும் கால்வாயின் நீளம் சுமார் 87 கிலோமீட்டர். அதன் முதற்பகுதியில் ஒரு மைலுக்கு ஏறத்தாழ ஆறு அங்குலமே சரிவு! அம்மன்னனின் மகன் காசியப்பன் ஆட்சியைப் பறித்துக்கொண்டு, "உன் செல்வத்தை எங்கே ஒளித்து வைத்தாய்?" என்று தந்தையை வருத்தினான். தாதுசேனன் கலாவாவிக்குச் சென்று, நீரில் இறங்கி, அந்நீரை இரு கைகளாலும் அள்ளிக் காட்டி, தன் செல்வமெல்லாம் இதுவே என்றானாம். வைரமேக தடாகத்தின் கரையில், ஏரி வாரியத்திற்குக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முன்னோரின் ஊரில் வாழும் நமக்கு, அந்தச் சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

செங்கல் மலைகளும் ஓர் அரசமரமும்

வெண்ணிற ஆடை அணிந்த பக்தர்கள் தாமரையும் அல்லியும் ஏந்தி வெறுங்காலுடன் நடக்க, நாமும் மிதியடிகளைக் கழற்றிவிட்டு நடந்தோம். அசோகரின் மகள் சங்கமித்தை கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் புத்தகயாவிலிருந்து கொணர்ந்த அரசமரக் கிளை இங்கு நடப்பட்டது. பொன்வேலியிட்டுக் காக்கப்படும் அம்மரம் இன்றும் தளிர்க்கிறது.

சுற்றிலும் வானளாவும் தாதுகோபங்கள். துட்டகைமுனு மன்னன் எழுப்பிய ருவன்வெலிசாய வெண்மையாக ஒளிர்கிறது. மகாசேனன் தொடங்கிய ஜேதவனத் தூபி ஒருகாலத்தில் சுமார் 400 அடி உயரம் இருந்தது. எகிப்தின் இரு பிரமிடுகளுக்கு அடுத்தபடியாக உலகிலேயே உயர்ந்த கட்டடமாக அன்று அது நின்றது. அதில் 9 கோடிக்கும் மேற்பட்ட செங்கற்கள் உள்ளன என்று கணக்கிட்டுள்ளனர்.

5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாகியான் இங்கு வந்து இரண்டாண்டுகள் தங்கினார். தாய்நாட்டைப் பிரிந்து பல்லாண்டுகள் ஆகிவிட்ட அவர், ஒரு நாள் அபயகிரியில் புத்தர் சிலையருகே ஒரு வணிகர் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டு கண்ணீர் உகுத்தார். இறைவனைத் தேடிச் செல்லும் எந்த யாத்திரிகருக்கும் வீட்டு நினைவு ஒரு சிலுவைதான்.

காஞ்சிக்கும் அனுராதைக்கும் இடையே

இவ்விரு தலைநகரங்களுக்கும் பழைய உறவு உண்டு. பாலி மொழியில் பௌத்த நூல்களுக்கு உரை வகுத்த புத்தகோசர், அனுராதபுரத்து மகாவிகாரையில் தங்கி எழுதியவர். தாம் முன்பு காஞ்சிபுரத்தில் வாழ்ந்ததைத் தம் உரையொன்றின் இறுதியில் அவரே குறிப்பிடுகிறார். 7-ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங், அங்கு நூறு விகாரைகளும் பதினாயிரம் துறவியரும் இருந்ததாக எழுதினார். அரசிழந்த சிங்கள இளவரசன் மானவன்மன் காஞ்சியில் அடைக்கலம் புகுந்து, நரசிம்மவர்ம பல்லவனின் படைத்துணையால் அனுராதபுர அரியணையைப் பெற்றான்.

உறவைச் சொன்ன வாயால் பகையையும் சொல்ல வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கச் செய்த முதலாம் பராந்தக சோழனின் காலத்தை நாம் பெருமையுடன் நினைக்கிறோம். அதே மன்னன் ஈழத்தின்மீது படையனுப்பி, 'மதுரையும் ஈழமும் கொண்டவன்' என்று பெயர் பெற்றான். அவன் வழிவந்த இராசராசனின் படைகள் 993-ஆம் ஆண்டை ஒட்டி அனுராதபுரத்தை அழித்தன. தலைநகரம் பொலன்னறுவைக்கு மாறிற்று. காடு இந்நகரை மூடிக்கொண்டது. நம் ஊரில் நல்லாட்சிக்குச் சான்று தந்த கைகளே பிறர் ஊரில் இடிபாட்டுக்கும் காரணமாயின என்பதைச் சிதைந்த கற்றூண்களின் நடுவே நின்று எண்ணும்போது பெருமை சற்றே தலைகுனிகிறது.

கல்லில் ஒரு சிலுவை

கிறிஸ்தவராகிய நமக்கு இங்கு ஓர் இன்ப அதிர்ச்சி காத்திருக்கிறது. 1912-ஆம் ஆண்டில் அகழாய்வின்போது, சிலுவை செதுக்கப்பட்ட கருங்கற்றூண் ஒன்று இந்நகரில் வெளிப்பட்டது. அதன் வடிவம் நம் பரங்கிமலையில் உள்ள பாரசீகச் சிலுவையை நினைவூட்டுகிறது. 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய காஸ்மாஸ் என்னும் கிரேக்க நூலாசிரியர், இத்தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு திருச்சபையும் குருவும் இருந்ததாகக் கூறுகிறார். பௌத்த மன்னரின் தலைநகரில் அந்நியராகிய கிறிஸ்தவர் அச்சமின்றிச் சிலுவையை நாட்டி வணங்கியிருக்கிறார்கள்.

பிற்காலத்தில் புனித யோசேப்பு வாஸ் அடிகளார் 1692-ஆம் ஆண்டில் கண்டியில் ஒற்றரென ஐயுற்றுச் சிறையிடப்பட்டாலும், பின்னர் அவருக்கு மறைப்பணி புரிய உரிமை தந்தவன் பௌத்த மன்னன் விமலதர்மசூரியனே. ஒல்லாந்தராகிய கிறிஸ்தவர் துரத்திய கத்தோலிக்கருக்குப் பௌத்தர் நிழல் தந்தனர்! பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டில் அறிவித்தது. அதனை நாம் ஏட்டில் படிக்கிறோம். இங்கே கல்லில் காண்கிறோம்.

பகைவனின் சமாதி

சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளன் அனுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்டான். பௌத்தன் அல்லாத அவன் நண்பரென்றும் பகைவரென்றும் பாராமல் நீதி வழங்கியதைப் பௌத்தத் துறவியர் எழுதிய மகாவம்சமே போற்றுகிறது. முதுமையில் அவன் துட்டகைமுனுவுடன் தனித்துப் பொருது மாண்டான். வென்றவன் என்ன செய்தான்? ஊராரை அழைத்து, பகைவனுக்கு உரிய சிறப்புடன் ஈமக்கடன் செய்து, நினைவுச்சின்னம் எழுப்பினான். அவ்விடத்தைக் கடப்போர் வாத்திய முழக்கத்தை நிறுத்த வேண்டுமென்று கட்டளையிட்டான். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின், 1818-ஆம் ஆண்டின் கிளர்ச்சியில் தோற்று ஓடிய கண்டித் தலைவர் பிலிமத்தலாவை, களைப்பையும் பாராமல் அவ்விடத்தில் பல்லக்கிலிருந்து இறங்கி நடந்தார் என்று ஓர் ஆங்கிலேயர் எழுதியுள்ளார்.

இம்மரியாதை மறக்கப்பட்ட நாள்களையும் நம் தலைமுறை கண்டது. 1985 மே 14 அன்று அரசமரத்தடியில் வழிபட வந்தவர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் இந்நகரில் தமிழ்ப் போராளிகளின் துப்பாக்கிகளுக்கு இரையாயினர். 1999 நவம்பரில் மடு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள்மீது எறிகணைகள் விழுந்து சுமார் 40 பேர் மாண்டனர். 2019-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று ஆலயங்களில் சிந்திய இரத்தத்தை உலகம் அறியும். மூன்று இடங்களிலும் அழுத தாய்மாரின் கண்ணீருக்குச் சமயமுமில்லை, மொழியுமில்லை.

அன்பார்ந்த வாசகர்களே! பகைவரை நேசியுங்கள் என்று ஆண்டவர் நமக்குக் கற்பித்தார். அதனைத் தொடங்குவதற்கு அரசனாக இருக்க வேண்டுவதில்லை. நம் திருவிழாத் தேர் வாண வேடிக்கையோடும் ஒலிபெருக்கியோடும் தெருவில் வரும்போது, அத்தெருவில் பிற சமயத்தார் இல்லத்தில் இழவு விழுந்திருந்தால் நம் பாட்டு நிற்கிறதா? பிறர் ஆலயத்தைக் கடக்கும்போது நம் பிள்ளைகள் ஏளனமின்றிக் கடக்கிறார்களா? நம்மோடு வரப்புச் சண்டையும் மதகுச் சண்டையும் இட்டவர் இறந்தால் அவர் வாசலில் போய் நிற்கிறோமா? இவற்றை இன்றிரவு குடும்பச் செபம் முடிந்தபின் நம் பிள்ளைகளோடு அமர்ந்து பேசுவோம்.