ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு பாடம்



"பவர் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சு என்னடா செய்யப் போறோம்? தைரிஸ்டரும் சாப்பரும் நம்ம ஊர்ல எங்கடா இருக்கு?" லேப் முடிந்து பழனிசெட்டிபட்டி பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது நாம் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் இது. எனக்கு அதற்கான பதில் ஒரு ஜீப்பில் கிடைத்தது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மலைக்குப் போய், பொழுது சாயத் திரும்புவார். ஒருநாள் ஜீப் ஓட்டும் எங்கள் தெரு மாமா கேட்டார்: "மாப்ள, லைட்டு மங்கலா எரியுது. வளைவுல ஒண்ணும் தெரியல. கரண்டுக்குத்தானே படிக்கிற, என்னன்னு பாரேன்!"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐந்து செமஸ்டர் முடித்தவன் திருதிருவென்று முழித்தேன்!

முதலில் மீட்டர், அப்புறம் பல்பு

அந்த வெட்கத்தில்தான் லீவில் தேனியில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரிக் கடையில் வேலை பழகச் சேர்ந்தேன். மாமாவின் ஜீப்பையும் அங்கேயே கொண்டு வந்தோம். பிரகாசமான எல்.இ.டி. பல்பு மாட்டிவிடலாம் என்றேன். கடைக்கார அண்ணன் சிரித்தார். "முதல்ல மீட்டர எடு தம்பி. பல்ப அப்புறம் பாக்கலாம்."

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். பல்பு முனையில் 11.9 வோல்ட்! நடுவில் 1.9 வோல்ட் எங்கே போனது?

கணக்குப் போடுவோம். டிம்மில் ஹாலஜன் பல்பு ஒன்றுக்கு 55 வாட். இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 9 ஆம்பியர். 1.9-ஐ 9-ஆல் வகுத்தால் சுமார் 0.2 ஓம். தேய்ந்த ஸ்விட்ச், மெலிந்த வயர், துருப்பிடித்த எர்த்து எல்லாம் சேர்ந்த மின்தடை அவ்வளவுதான். ஆனால் இழை பல்பின் ஒளி, வோல்டேஜின் ஏறக்குறைய 3.4 மடியில் மாறும். அதனால் 14 சதவீத வோல்டேஜ் குறைந்தால் 40 சதவீத ஒளி போய்விடுகிறது!

எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தோம். ரிலே வைத்து, தடித்த வயரில் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தோம். பழைய பல்பே பளிச்சென்று எரிந்தது.

எல்.இ.டி.யும் நம் சாப்பரும்

அப்படியானால் எல்.இ.டி. கெட்டதா? இல்லவே இல்லை. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீல ஒளியின்மேல் பாஸ்பர் பூசித்தான் வெள்ளை ஒளி எடுக்கிறார்கள்.

வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் போதும். வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் கரண்ட் மளமளவென ஏறிவிடும். வண்டியிலோ 12-க்கும் 14-க்கும் இடையே வோல்டேஜ் ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவே நடுவில் ஒரு டிரைவர் சர்க்யூட் வேண்டும். அதற்குள் ஒரு மாஸ்ஃபெட் நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஆன்-ஆஃப் ஆகி, இண்டக்டர் வழியாகக் கரண்டை ஒரே அளவில் நிறுத்துகிறது. இதுதானே நாம் கரும்பலகையில் படித்த சாப்பர்!

எதிரே வருபவர் கண்

அண்ணன் எல்.இ.டி. மாட்டவிடாததற்குக் காரணம் வேறு. ஹாலஜன் ஹெட்லைட்டின் ரிஃப்ளெக்டர், பல்புக்குள் இழை இருக்கும் இடத்தை வைத்து வடிவமைக்கப்பட்டது. அதில் கண்ட எல்.இ.டி.யையும் செருகினால் ஒளி பிறக்கும் இடம் மாறி, வெளிச்சம் மேலே சிதறும். எதிரே வருபவர் கண் கூசிப்போகும். கொண்டை ஊசி வளைவில் அந்த ஒரு நொடி போதாதா?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 106-வது விதி இதைத்தான் சொல்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஆட்கள் ஏறினால் ஜீப்பின் பின்பக்கம் அமுங்கி, முன்விளக்கு மேலே பார்க்கும். வெறும் வண்டியில் சரியாக இருந்த ஒளி, அம்மாவும் மற்றவர்களும் ஏறியதும் எதிராளி கண்ணில் அடிக்கும்! ஆகவே பாரத்தோடு சமதளத்தில் நிறுத்தி, 10 மீட்டர் தூரச் சுவரில் டிம் அடித்துப் பாருங்கள். விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 செ.மீ. கீழே வெளிச்சத்தின் மேல்விளிம்பு விழ வேண்டும்.

நமக்கு உள்ள வழி

இந்த வேலைக்கு நம் மாநிலத்திலேயே பெரிய தொழிற்சாலைகள் உண்டு. சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., ஜப்பானின் கொய்டோ நிறுவனத்தோடு சேர்ந்து ஹெட்லைட் செய்யத் தொடங்கிய இந்தியா ஜப்பான் லைட்டிங் ஆகியவை சில. 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் டிப்ளமோ முடித்தவர்கள் உதவித்தொகையோடு ஓராண்டு பயிற்சி பெறலாம். தென்மண்டலப் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். பக்கத்துக் கடையும் ஒரு லேப்தான்.

அன்று மாலை அம்மா ஜீப்பை விட்டு இறங்கி, "இன்னிக்கு ரோடு நல்லா தெரிஞ்சதுய்யா" என்றார். நான் வாங்கிய மார்க்குகளிலேயே பெரிய மார்க் அதுதான்.

மீட்டரைக் கையில் எடுங்கள் தோழர்களே!

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை