சாவி பையில் இருந்தாலும்

அந்தப் பயிற்சி ஓடுதளத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஆறரை மணி. ஹாங்கருக்கு வெளியே ஒரு செஸ்னா 172 பனியில் நனைந்து நின்றது. இன்ஜின் ஓடவில்லை, உள்ளே ஆள் இல்லை, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருந்தார்கள். படம் எடுத்துக்கொள்ளலாமே என்று மூக்குப் பக்கம் போய் புரொப்பெல்லரின் மேல் முழங்கையை ஊன்றினேன்.

"சார், கையை எடுங்க."

பராமரிப்பு இன்ஜினியர். ஐம்பதைத் தாண்டியவர், கையில் எண்ணெய்த் துணி. "ஆஃப்லதானே இருக்கு?" என்றேன். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். "சாவி என்கிட்டதான் இருக்கு. இருந்தாலும் எடுங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன்."

எடுத்துவிட்டுப் பிளேடைக் கிட்டத்தில் பார்த்தேன். முன் விளிம்பில் அங்கங்கே அரம் போட்டு வழவழப்பாக்கிய பள்ளங்கள். ஓடுதளத்துப் பொடிக்கற்கள் மோதி உண்டான வெட்டுகள் என்றார். அப்படியே விட்டால் அங்கிருந்து விரிசல் ஓடுமாம். சுண்டல் கடலை அளவுக் கல் அலுமினியத்தைக் கொத்தி எடுக்கிறது என்றால், கல் வேகமாக வந்ததென்று அர்த்தமில்லை. கல் சும்மா கிடந்தது, பிளேடுதான் வேகமாக வந்தது.

எவ்வளவு வேகம்? நம் வீட்டு சீலிங் ஃபேனிலிருந்து தொடங்கலாம். முழு வேகத்தில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 சுற்று சுற்றும். பெல் 206 என்ற பழகிய ஹெலிகாப்டரின் மேல் ரோட்டார் சுற்றுவது 394. அதாவது தலைக்கு மேலே ஹெலிகாப்டர் ரோட்டாரும் கூடத்து ஃபேனும் கிட்டத்தட்ட ஒரே கதியில்தான் சுற்றுகின்றன. வித்தியாசம் நீளத்தில் இருக்கிறது. ஃபேனின் வட்டம் 1.2 மீட்டர், அதன் நுனி மணிக்குச் சுமார் 80 கி.மீ. வேகத்தில் போகிறது. ரோட்டாரின் வட்டம் பத்து மீட்டருக்குச் சற்று மேல். அதன் நுனி 750 கி.மீ. வேகத்தில் போகிறது. என் எதிரே நின்ற செஸ்னாவின் புரொப்பெல்லர் இரண்டு மீட்டர்கூட இல்லை. ஆனால் அது 2,700 சுற்று வரை போகும். அப்போது நுனி வேகம் 950 கி.மீ.யைத் தாண்டிவிடும்.

வேகமாகச் சுற்றுவது எல்லாமே ஆபத்துதான், இதில் புதிதாக என்ன என்று கேட்கலாம். ரம்பமும் மாவு மில் பெல்ட்டும் கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. நம் கண் ஒரு நொடியில் ஏறத்தாழ 50, 60 முறை வரை வந்துபோவதைத்தான் சிமிட்டலாக உணரும். அதற்கு மேல் போனால் எல்லாம் கலந்து ஒரே மங்கலாகிவிடும். பெல் 206-இன் மேல் ரோட்டாருக்கு இரண்டு பிளேடு. ஓர் இடத்தை அவை கடப்பது நொடிக்குப் பதின்மூன்று தடவை. நன்றாகவே தெரியும், தெரிவதால் எல்லோரும் குனிகிறார்கள். வால் பக்கத்தில் இருக்கும் சின்ன ரோட்டாரோ நிமிடத்துக்கு 2,550 சுற்று. பிளேடு கடப்பது நொடிக்கு 85 தடவை. கண்ணைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமே இல்லை. பின்னால் இருக்கும் வானமும் புல்லும் அதனூடே தெரியும். மேல் ரோட்டார் தலைக்கு மேலே இருக்கிறது. வால் ரோட்டார் நம் தலைக்கும் நெஞ்சுக்கும் நேராக இருக்கிறது. கண்ணுக்குப் படும்படி சுற்றுவது எட்டாத உயரத்தில், படாமல் சுற்றுவது நம் உயரத்தில். காதாவது காப்பாற்றுமா என்றால், இன்ஜின் இரைச்சலில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பிரித்தறிய வழியே இல்லை.

2023 ஏப்ரல் 23 அன்று கேதார்நாத் ஹெலிபேடில் ஒருவர் வால் ரோட்டாரில் அடிபட்டு இறந்தார். கோவில் நடை திறக்க இரண்டு நாள் இருந்தது, ஏற்பாடுகளைப் பார்க்க வந்தவர். அவர் விவரம் தெரியாத யாத்ரீகர் அல்ல. உத்தராகண்ட் அரசின் விமானப் போக்குவரத்து ஆணைய அதிகாரி. இந்தச் செய்தியைப் படித்தவர்கள் பலர் "பார்த்துப் போகக் கூடாதா" என்று அங்கலாய்த்தார்கள். எனக்கு அந்தக் கேள்வியே தப்பாகப் படுகிறது. பார்த்துப் போவதற்கு அங்கே எதுவும் தெரியாது. ரோட்டாரின் அருகே கண்ணை நம்பி நடக்கக் கூடாது, பாதையை நம்பித்தான் நடக்க வேண்டும்.

அந்தப் பாதை சிக்கலானது அல்ல. விமானி தலையசைக்கும் வரை வட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டும். அப்புறம் அவர் கண்ணுக்குப் படும்படி முன்பக்கவாட்டில் வர வேண்டும். வந்த வழியே திரும்ப வேண்டும். மறுபக்கக் கதவுக்குப் போக வேண்டுமானாலும் முன்னால் சுற்றித்தான் போக வேண்டும். வாலைச் சுற்றிக்கொண்டு போவதென்ற பேச்சே கிடையாது. மலையில் இன்னொன்று சேரும். சரிவில் இறங்கி நிற்கும் ஹெலிகாப்டரை மேட்டுப் பக்கமிருந்து அணுகினால், அங்கே தரை உயர்ந்திருப்பதால் தரைக்கும் பிளேடு நுனிக்கும் உள்ள இடைவெளி குறைந்து நம் தலைக்கு எதிராக வேலை செய்யும். பள்ளத்துப் பக்கமிருந்துதான் ஏற வேண்டும், பள்ளத்துப் பக்கம்தான் இறங்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத விஷயம், ரோட்டார் மெதுவாகச் சுற்றும்போதுதான் தலைக்கு மோசம் என்பது. பிளேடு நேராக நீட்டிக்கொண்டு நிற்பது அதன் விறைப்பால் அல்ல; சுற்றும் வேகம் அதை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது. இன்ஜினை நிறுத்தி வேகம் குறையக் குறைய அந்தப் பிடி தளரும், பிளேடு வாடிய வாழையிலை போலத் தொங்கும். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தால் சில ரகங்களில் நுனி ஆள் உயரத்துக்கும் கீழே வந்துபோகும். "நிற்கப் போகிறது, போகலாம்" என்று கிளம்பும் அவசரம் அங்கேதான் ஆபத்தாகிறது. தொப்பி, துண்டு, முந்தானை எல்லாவற்றையும் கையில் சுருட்டிப் பிடிக்கச் சொல்வதும் இதற்குத்தான். துண்டு போனால் போகட்டும்; அதைப் பிடிக்க நிமிர்ந்து ஓடுவோமே, அதுதான் வினை.

டேபிள் ஃபேனுக்குக்கூடக் கூண்டு உண்டு, ரோட்டாருக்கு ஏன் இல்லை? வால் ரோட்டாருக்கு ஒருவகைக் கூண்டு உண்டு. சீலிங் ஃபேனைக் கொக்கியில் சரியாக இறுக்காமல் விட்டால் இறக்கை ஒரு பக்கம் சுற்ற, தண்டு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். ஹெலிகாப்டருக்கும் அதே கதி. உடம்பு திரும்பாமல் பிடித்து வைப்பதுதான் வால் ரோட்டாரின் வேலை. பிரெஞ்சுக்காரர்கள் அதை வாலுக்குள்ளேயே ஒரு வட்டத் துளையில் புதைத்துவிட்டார்கள். 1968-இல் கஸெல் ஹெலிகாப்டரின் முன்மாதிரியில் பறந்த அந்த அமைப்புக்கு ஃபெனஸ்ட்ரான் என்று பெயர். நம் கடற்படையிடம் உள்ள ரஷ்யாவின் காமோவ் ரகங்களில் மேலே இரண்டு ரோட்டார்கள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. வாலில் ரோட்டாரே தேவையில்லை. ஆனால் புதைத்த ரோட்டார் எடை கூட்டும். எல்லா அளவுக்கும் ஒத்துவராது. அதனால் திறந்த ரோட்டார்தான் இன்றும் அதிகம். அவற்றுக்குப் பெயின்ட்தான் துணை. கறுப்பு வெள்ளைப் பட்டைகளை இரு பிளேடிலும் வேறு வேறு இடத்தில் அடிப்பார்கள். ஒரே இடத்தில் அடித்தால் கலந்து சாம்பல் வளையமாகிவிடும். மாற்றி அடித்தால் ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெள்ளை வரும், கண் அதைச் சிமிட்டலாகப் பிடித்துக்கொள்ளும்.

செல்போன் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. அது காட்சியை மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிவு செய்கிறது. அதற்குள் பிளேடு நகர்ந்துவிடுவதால் படத்தில் வாழைப்பழம்போல் வளைந்த துண்டுகளாகத் தெரியும். சுற்றும் வேகமும் வீடியோவின் வேகமும் இசைந்துபோனால் நிற்பதாகவோ பின்னோக்கி மெல்ல ஊர்வதாகவோ தெரியும். திரையைப் பார்த்துக்கொண்டு நடப்பவரிடம், ஓடும் பிளேடை அது நிற்பதாகக் காட்டிவிடும்.

விமானத்துக்கு வருகிறேன். செஸ்னாவின் கதவுக்கும் புரொப்பெல்லருக்கும் இடையே இரண்டு மூன்று எட்டுதான். இறங்கியதும் முன்பக்கம் திரும்புவது மனித இயல்பு. அங்கேதான் நண்பர்கள் கையசைப்பார்கள். "யாராவது ஏறணும், இறங்கணும்னா இன்ஜினை நிறுத்திடணும் சார். ஒரு நிமிஷ வேலைதானேன்னு ஓடவிட்டு இறக்கக் கூடாது" என்றார் இன்ஜினியர். ஸ்டார்ட் செய்யும் முன் ஜன்னலைத் திறந்து உரக்கக் குரல் கொடுத்துச் சுற்றிலும் பார்ப்பதும், சிவப்புச் சுழல் விளக்கு எரிந்தால் இன்ஜின் ஓடுகிறது என்றே கொள்வதும் மற்ற பழக்கங்கள்.

பிறகு அந்தச் சாவி. டி.வி.எஸ். 50 வைத்திருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பேட்டரியின் தயவில்லாமலே வண்டி மிதித்தால் ஓடும். காந்தம் சுற்றி, காயிலில் மின்சாரம் பிறந்து, பிளக்கில் பொறி வரும். செஸ்னாவிலும் அதே மேக்னெட்டோதான், பத்திரத்துக்கு ஒன்றுக்கு இரண்டாக. இங்கே சாவியின் வேலை பொறியை வரவழைப்பதல்ல, தடுப்பது. சாவியை ஆஃப் செய்தால் மேக்னெட்டோவை ஒரு ஒயர் எர்த்தில் சேர்த்துவிடும். அந்த ஒயர் எங்காவது அறுந்திருந்தால் சாவி யார் பையில் இருந்தாலும் ஒன்றுதான். இன்ஜினை எரிபொருளை வெட்டித்தான் நிறுத்துகிறார்கள், சிலிண்டரில் எரிய எதுவும் மிஞ்சக் கூடாதென்று. ஆனாலும் கொஞ்சம் ஆவி தங்கியிருந்தால், முழங்கை ஊன்றித் தள்ளிய தள்ளலே ஒரு வெடிப்புக்குப் போதும்.

"அவ்வளவு மெதுவாத் தள்ளினா பொறி வருமா?" என்றேன்.

அன்று சிலிண்டர்களைச் சோதிக்கும் வேலை இருந்தது. ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வரிசையாகத் தட்டில் வைத்திருந்தார். காற்று அடைபடாததால் இன்ஜின் எகிறாது. என்னை இறக்கைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். கட்டைகளை ஒருமுறை உதைத்துப் பார்த்தார். விரல்களை மடக்காமல் உள்ளங்கையை மட்டும் பிளேடின் மேல் வைத்து, உடம்பை வட்டத்துக்கு வெளியே சாய்த்துக்கொண்டு, கிணற்று ராட்டினத்தை விட மெதுவாகச் சுற்றினார். கால் சுற்று போனது, அரைச் சுற்று போனது.

மூக்குக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு சார். மெதுவாச் சுத்தினா முறுக்கிக்கிட்டே வந்து, சரியான இடத்துல காந்தத்தை வெடுக்குன்னு சுண்டிவிடும். பொறி அப்ப வரும்." கையை எடுத்து, அடுத்த பிளேடு வருவதற்குள் ஓர் அடி பின்னால் போனார்.