புராஸ்டேட் புற்றுநோயின் போக்கை அறிதல்

முதுமையில் ஆண்கள் பலருக்குச் சிறுநீர் தடைப்படுதலும், இரவில் அடிக்கடி எழ நேர்தலும் உண்டு. சிறுநீர்ப்பையின் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பி பருத்தலே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். சிலருக்கு அச்சுரப்பியில் புற்றுநோய் தோன்றுதலும் உண்டு. புற்று என்றவுடனே அஞ்சி நிலத்தை விற்க முனைவோர் உளர். விதியென்று வாளாவிருப்போரும் உளர். இந்நோய் எல்லோரிடத்தும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பதை அறிந்தால் இவ்விரு தவறுகளையும் தவிர்க்கலாம்.

நோயின் போக்கை முன்னரே உணர்த்தும் அடையாளங்கள் சில உள. முதலாவது, இச்சுரப்பி உண்டாக்கும் பி.எஸ்.ஏ. என்னும் புரதம். இது இரத்தத்தில் அளக்கப்படுகிறது. புற்றல்லாத வீக்கத்தாலும், சிறுநீர்த் தொற்றாலும்கூட இவ்வளவு உயரும். ஏரியின் நீர்மட்டத்தை ஒருநாள் மட்டும் பார்த்துக் கரை உடையுமா என்று கூற இயலுமா? நீர் ஏறும் வேகத்தையும் காண வேண்டுமன்றோ? அதுபோலவே மருத்துவரும் இச்சோதனையை மீண்டும் செய்விப்பர்.

இரண்டாவது, ஊசியால் எடுத்த சதைத்துணுக்கை நுண்பெருக்கியில் நோக்கி அளிக்கும் தரம். 1966-இல் அமெரிக்க மருத்துவர் டொனால்டு கிளீசன் வகுத்த முறையினின்று வளர்ந்த இத்தரங்கள் இன்று 1 முதல் 5 வரை எண்ணப்படுகின்றன. புற்று சுரப்பிக்குள் அடங்கி, பி.எஸ்.ஏ. மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் குறைந்து, தரமும் 1 ஆயின் அபாயம் குறைவு. அளவு 20-ஐக் கடந்தாலோ, தரம் 4 அல்லது 5 ஆனாலோ காலந்தாழ்த்தலாகாது.

மூன்றாவது, பரம்பரை. பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணுவில் பிறவியிலேயே பழுதுடையோர்க்கு நோய் கடுமையாதல் கூடும். ஆதலின் குடும்பத்தில் எவருக்கேனும் புற்றுநோய் இருந்ததாயின் மருத்துவரிடம் மறையாது கூறுக.

பிரிட்டனில், சுரப்பிக்குள் அடங்கிய புற்றுடைய 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர் சிகிச்சை என மூன்று பிரிவாக்கிச் சுமார் 15 ஆண்டுகள் கவனித்தனர். 2023-இல் வெளியான முடிவின்படி, இந்நோயால் இறந்தோர் ஒவ்வொரு பிரிவிலும் நூற்றுக்கு மூவர் அளவே. எனினும் கண்காணிப்புப் பிரிவில் நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியோர் ஏறத்தாழ இருமடங்காயினர்; அப்பிரிவினருள் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் சிகிச்சையும் பெற்றனர். ஆகவே, கண்காணிப்பு என்பது தவணை தவறாத சோதனையேயாகும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைத் தம் ஊர்ப் பெரியவர்களுக்கு எடுத்துரைத்தல் நலம். சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, முதுகெலும்பு வலி நீடித்தாலோ அரசு மருத்துவமனைக்கு உடனே செல்க. சோதனைச் சீட்டுகளைப் பத்திரம்போல் பாதுகாத்திடுக. அளவு என்ன, தரம் என்ன, பரவியுள்ளதா என்னும் மூன்றையும் கேட்டறிந்த பின்னரே சிகிச்சையைப் பற்றியும் செலவைப் பற்றியும் முடிவு செய்க.